எல்லோருக்கும் கை கொடுத்தவர்

வகுப்பறைக்குள் வந்தால் அவர் நேரே கடைசி வாங்குக்குத்தான் போவார். "கையைத் தாங்கோ" என்று கேட்டு, அங்கிருந்து ஒவ்வொருவராகக் கை குலுக்கிக்கொண்டு முன்னுக்கு வருவார். பெயர் கேட்பார். எந்தப் பக்கம் வீடு என்று கேட்பார். கோப்பாய் என்றால் ஒரு பகிடி, அச்செழு என்றால் ஒரு பகிடி. நாற்பது கையும் முடிந்தபின் கரும்பலகைக்கு முன்னால் நின்று, சட்டைக் கையை ஒரு மடிப்பு மடித்துவிட்டுச் சொல்லுவார்.

"இப்ப நான் உங்கள் எல்லாருக்கும் கை தந்திட்டன். எனக்கு எச்.ஐ.வி இருக்கு."

யாராவது ஒரு பிள்ளை கையை மெல்லச் சீருடையில் துடைக்கும். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அது தவறாது. அவர் அதற்காகவே காத்திருப்பவர்போலச் சிரிப்பார்.

"துடையுங்கோ, துடையுங்கோ. எனக்குக் கோவமில்லை. துடைச்சால் வேர்வை போகும். வேறை ஒண்டும் ஒட்டேல்லை."

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பள்ளிக்கூடங்களுக்குள் தொண்டு நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த காலம். ஒன்று மிதிவெடி பற்றிச் சொல்லித் தந்தது. ஒன்று பற்தூரிகை தந்தது. இன்னொன்று எங்கள் உரும்பிராய்ப் பள்ளிக்கூடத்தில் வாழ்க்கைத் தேர்ச்சிக் கழகம் தொடங்கியது. செவ்வாய்க்கிழமைகளில் பள்ளிக்கூடம் விட்டபின் ஒரு மணித்தியாலம். கோபம் வந்தால் என்ன செய்வது, விருப்பமில்லாததற்கு எப்படி மாட்டேன் என்பது, எயிட்ஸ் எப்படி வரும், எப்படி வராது. விஞ்ஞானம் படிப்பித்த ரீச்சர் இனப்பெருக்க அத்தியாயம் வந்தபோது, "உதை வீட்டிலை வாசியுங்கோ" என்று பக்கங்களைப் புரட்டிவிட்டுப் போனவ. அவ புரட்டிய பக்கங்களுக்குள் அந்தக் கழகம் வந்து உட்கார்ந்தது. அதற்கு வளவாளராக, பேசிப் பயிற்சி தர வந்தவர்தான் இவர். பெயரை நான் எழுதப் போவதில்லை. நாங்கள் சேர் என்றோம்.

முப்பது வயது இருக்கும். மெலிந்த ஆள். நீளக் கைச் சட்டையை நன்றாக அழுத்திப் போட்டு, ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் வருவார். முதல் நாளே யாரோ ஒருவரிடம் தண்ணீர்ப் போத்தலைக் கேட்டார். கொடுத்தவள் நான். அண்ணாந்து ஊற்றாமல் வாயில் வைத்து இரண்டு மிடறு குடித்துவிட்டுத் திருப்பித் தந்தார். வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது. நான் அதே வாயில் வைத்துக் குடித்தேன். அவர் கை தட்டினார். அடுத்த கிழமை நான் கழகத்தின் செயலாளர்.

பேசிக்கொண்டிருக்கும்போதே மணிக்கூட்டைப் பார்ப்பார். சட்டைப் பையிலிருந்து ஒரு குளிசையை எடுத்து எல்லோருக்கும் உயர்த்திக் காட்டுவார். "இவ என்ரை மூத்த தாரம். ஒரு நாளும் பிரியேலாது." சிரிப்பு அடங்குவதற்குள் விழுங்கியிருப்பார். அதன் பிறகுதான் இளைய தாரத்தின் கதை வரும். கலியாணம் பேசி முடிந்த நிலையில், பெண்ணைத் தனியே கூப்பிட்டுத் தனக்கு எச்.ஐ.வி வருத்தம் இருப்பதைச் சொன்னாராம். அவ கனநேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாவாம். பிறகு ஒரேயொரு கேள்விதான் கேட்டாவாம்.

"குளிசையை நேரத்துக்குப் போடுறனீங்களோ?"

அந்த இடத்தில் பெட்டைகள் எல்லோரும் பெருமூச்சு விடுவோம். எனக்கு அப்போது பதினெட்டு வயது. அப்படி ஒரு கேள்வியைக் கேட்கக்கூடிய பெண்ணாக வளர வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

அவர் அழுவதும் உண்டு. வருத்தம் தெரிந்தபின் தாய் அவருக்கெனத் தனியாக ஒரு தட்டைப் பிரித்து வைத்ததைச் சொல்லும்போது குரல் உடையும். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வார். செயலாளர் என்பதால் மற்றப் பள்ளிக்கூடங்களுக்கும் நிறுவன வாகனத்தில் என்னைக் கூட்டிப்போவார்கள். நான்தான் அவரை அறிமுகம் செய்வேன். மூன்றாவது பள்ளிக்கூடத்தில் அந்தத் தட்டுக் கதை வருவதற்கு முன்பே தண்ணீரை எடுத்து வைத்துக்கொண்டேன். ஒரே வசனத்தில், ஒரே சொல்லில் உடைகிறாரே என்று எனக்குச் சந்தேகம் வரவில்லை. புண் இருக்கும் இடத்தில்தானே நோகும் என்று நினைத்தேன்.

அவர் நல்லவர் இல்லை என்று சொல்லவும் என்னால் முடியாது. அரியாலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தபோது, இடைவேளையில் ஒரு பிள்ளை மட்டும் தனியே மதிலோரம் பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளின் தகப்பன் அந்த வருத்தத்தில்தான் செத்தவர் என்று கதை. அவர் விசாரிக்கவில்லை. போய் அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். "பாதி தாறியளோ, பசிக்குது" என்றார். கடித்த பணிசைப் பிய்த்துக் கொடுத்தாள். இருவரும் கடலேரியைப் பார்த்தபடி மென்றுகொண்டிருந்தார்கள். இரண்டு கிழமை கழித்துப் போனபோது அந்தப் பிள்ளையோடு நாலு பேர் இருந்தார்கள். நான் என் கண்ணால் கண்டது இது.

வாகனத்தில் திரும்பும்போது சொன்னார், "தங்கச்சி, எனக்கு வருத்தம் ரத்தத்திலை. உங்கை சனத்துக்குக் கண்ணிலை. எது கெதியா மாறும் எண்டு பாப்பம்."

நான் அதைக் கொப்பியில் எழுதி வைத்தேன்.

அந்த வருடம் எங்கள் அண்ணாவுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. அண்ணா கொழும்பில் ஒரு மாபிள் கடையில் சில வருடம் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பி, அப்பா விட்டுப்போன தோட்டத்தில் வாழையும் வெங்காயமும் வைத்திருந்தார். கோயில் திருவிழாவில் இரத்ததான முகாம் நடந்தபோது வரிசையில் முதல் ஆளாகப் போய்ப் படுத்தவர் அவர். சில கிழமைகள் கழித்து, வந்து சந்திக்கும்படி இரத்த வங்கியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. போனார். திரும்பவும் போனார். வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு காலையில் வாழைக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தபோது என்னைக் கூப்பிட்டார். மண்வெட்டியை விடாமல், வாய்க்காலைப் பார்த்தபடியே கேட்டார்.

"உங்கடை கழகத்துக்கு ஒருத்தர் வாறவர் எண்டனி. அவர் எப்பிடி இருக்கிறார்?"

"எப்பிடி எண்டால்?"

"ஆள்... பாக்க எப்பிடி? ஏலாத ஆளோ?"

"இல்லை அண்ணை. உங்களை விட நல்லா இருக்கிறார். ஏன்?"

தண்ணீர் பாத்தியை உடைத்துக்கொண்டு பாதையில் ஓடியது. அண்ணா அதை அடைக்காமல் நின்றார். எனக்கு விளங்கிவிட்டது.

அன்றிலிருந்து ஒரு மாதம், நான் செவ்வாய்க்கிழமைகளில் கேட்டதை எல்லாம் சொட்டும் சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். குளிசை, கலியாணம், பகிடி எல்லாம். அண்ணா தோட்டத்து வரம்பில் இருந்து கேட்பார். சில பகுதிகளைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பார். கிளினிக்குக்குப் போகமாட்டேன் என்று நின்றவர் போனார். குளிசை தொடங்கினார். பிறகு ஒரு நாள், "நான் அவவிட்டைச் சொல்லப்போறன்" என்றார். பேசி வைத்திருந்த கோப்பாய்ப் பெண்ணை நினைத்துத்தான் சொன்னார்.

நான் தடுக்கவில்லை. தடுக்காமல் விட்டது மட்டுமில்லை. "சொல்லுங்கோ அண்ணை. சேரின்ரை பொம்பிளை விளங்கிக்கொண்டவதானே" என்றும் சொன்னேன்.

அந்தப் பெண் எதுவும் கேட்கவில்லையாம். எழும்பி, கொண்டுவந்த குடையை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாவாம். மூன்றாம் நாள் தமையன்மார் இரண்டு பேர் வந்து, எங்கள் முற்றத்தில் நின்று, வீதிக்குக் கேட்கும்படி கதைத்தார்கள். அதற்குப் பிறகு ஊருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெங்காயம் கிண்ட வரும் பெண்கள் வரவில்லை. பங்குக் கிணற்றில் எங்கள் முறை முடிந்தால் பக்கத்து வீட்டார் கப்பிக் கயிற்றைக் கழுவினார்கள். அம்மா மட்டும் ஒன்றையும் பிரிக்கவில்லை. முன்பு அண்ணாவின் தட்டு எது, என் தட்டு எது என்று இருந்தது. அந்த வருத்தம் தெரிந்தபின், வேண்டுமென்றே எல்லாத் தட்டையும் மாற்றி மாற்றி வைத்தா.

அண்ணா என்னைக் குறை சொல்லவில்லை. "அவரை ஒருக்கா வீட்டை கூட்டிக்கொண்டு வா. அவரோடை கதைச்சால் எனக்கு ஆறும்" என்றார்.

நான் போய்ச் சேரிடம் சொன்னபோது அவர் முகத்தில் ஏதோ ஓடியது. எனக்காகத் துக்கப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். அந்தச் சனி ஏலாது என்றார். அடுத்த சனிக்கு வேறு பயிற்சி என்றார். மூன்றாவது முறை நான் அழுதுவிட்டேன். "சரி தங்கச்சி, வாறன்" என்றார்.

வந்தார். வந்தவுடன் அண்ணாவுக்குக் கை கொடுத்தார், எப்போதும் போல. அண்ணா அந்தக் கையைக் கொஞ்ச நேரம் விடவில்லை. அம்மா மூன்று கோப்பையில் பால்தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுக் குசினிக்குப் போனா.

"எனக்கு இரவிலை பொல்லாத கனவு வருது" என்று அண்ணா தொடங்கினார். "குளிசையாலைதான் எண்டு டொக்டர் சொன்னவர். உங்களுக்கும் வந்ததோ?"

"ஓம். வரும்."

"எவ்வளவு காலத்திலை நிண்டது?"

"அது... ரெண்டு மூண்டு வருசம்."

"ரெண்டு மூண்டு வருசமோ? எனக்கு ரெண்டு மூண்டு கிழமையிலை போகும் எண்டல்லோ சொன்னவை." அண்ணா கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்தார். "நீங்கள் கிளினிக்குக்கு என்ன நாளிலை வாறனீங்கள்? நான் ஒரு நாளும் காணேல்லை."

அவர் ஏதோ நாள் சொன்னார். அந்த நாளில் கிளினிக் இல்லை என்பது அண்ணாவுக்குத் தெரியும். ஆனாலும் அண்ணா, "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றார்.

அவர் கோப்பையை எடுத்தார். உதடு வரை கொண்டுபோனார். குடிக்காமல் கீழே வைத்தார். தேத்தண்ணியில் ஆடை படர்ந்திருந்தது. அண்ணா அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிக மெதுவாக, பிள்ளையிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

"உங்களுக்கு வருத்தம் இல்லை, என்ன?"

நான் அண்ணாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

"இல்லை தம்பி" என்றார் அவர்.

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவர் தலையைக் குனிந்தபடி சொல்லிக்கொண்டு போனார். முன்பு வீதி நாடகம் போட்டுத் திரிந்தவராம். நிறுவனத்தார் உண்மையாக வருத்தம் உள்ள ஒருவரைப் பள்ளிக்கூடங்களுக்குக் கூட்டிப்போகத்தான் முதலில் நினைத்தார்களாம். "கேக்காத ஆளில்லை தம்பி. ஒருத்தரும் வரேல்லை. ஆர் வருவினம்? உங்கடை முத்தத்திலை நடந்ததைத் தங்கச்சி சொன்னவ. அதுக்குப் பயந்துதான் ஒருத்தரும் வரேல்லை. பிறகு என்னைக் கேட்டவை."

"அந்தக் குளிசை?"

"விற்றமின்."

"உங்கடை பொம்பிளை?"

"எனக்குக் கலியாணம் ஆகேல்லை."

அண்ணா சுவரைப் பார்த்தார். கோபப்படுவார், சட்டையைப் பிடிப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். பிடிக்க வேண்டும் என்று விரும்பினேன்.

"அவ கேட்டதெண்டு ஒரு கேள்வி சொல்லுவியள். குளிசையை நேரத்துக்குப் போடுறனீங்களோ எண்டு. அதை ஆர் எழுதினது?"

"நான்தான்."

"நல்லா எழுதியிருக்கிறியள்" என்றார் அண்ணா.

அவர் போனபின் அம்மா வந்து கோப்பைகளை எடுத்தா. "அந்தத் தம்பி தேத்தண்ணி குடிக்காமல் போட்டுதே. சீனி கூடிப்போச்சோ?" என்று கேட்டா.

பொய் சொன்னதை நான் காலப்போக்கில் மன்னித்திருக்கக்கூடும். நாற்பது பிள்ளைகளுக்குக் கை கொடுத்தவர், என் போத்தலில் வாய் வைத்துக் குடித்தவர், அண்ணாவின் வீட்டில் ஒரு மிடறு குடிக்கவில்லை. அவர் சொன்னதை நான் நம்பினேன். அண்ணா நம்பினார். அரியாலைப் பிள்ளை நம்பினாள். அவர் நம்பவில்லை.

திங்கட்கிழமையே நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனேன். எங்கள் கழகங்களுக்குப் பொறுப்பாக இருந்த இணைப்பாளர் மிஸ் கதவைச் சாத்திவிட்டு என்னை இருக்கச் சொன்னா.

"பொய்யெண்டு சொல்லாதேங்கோ தங்கச்சி. மூண்டு பேற்றை உண்மையான கதையை ஒருத்தற்றை வாயாலை சொல்லுறம். அவ்வளவுதான்."

"அந்த மூண்டு பேரிலை ஆருக்கு அப்பிடி ஒரு பொம்பிளை கிடைச்சது, மிஸ்?"

அவ பேனையை மூடித் திறந்தா. "இது வெளியிலை போனால் எல்லாப் பள்ளிக்கூடத்துக் கழகத்தையும் மூடிப்போடுவினம். நீங்கள் ஒராளுக்காக யோசிக்கிறீங்கள். நான் ஆயிரம் பிள்ளையளுக்காக யோசிக்கிறன்." பிறகு, நல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அடுத்த கிழமை கூட்டம் இருப்பதாகவும், அறிமுக உரை வழக்கம்போல நான்தான் என்றும் சொன்னா.

நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். விருப்பமில்லாததற்கு எப்படி மாட்டேன் என்பது என்று அந்தக் கழகத்தில்தானே படித்தேன். ஆனால் அண்ணா வேறு மாதிரிச் சொன்னார்.

"நீ போ."

"என்னண்டு அண்ணை போறது? உங்களுக்கு அவர் செய்ததுக்குப் பிறகுமோ?"

"அவருக்கு வருத்தம் இல்லையெண்டு முந்தியே தெரிஞ்சிருந்தால் நான் கிளினிக் வாசலுக்கும் போயிருக்க மாட்டன். கிணத்தடியிலை நிண்டு என்ன யோசிச்சனான் எண்டு உனக்குத் தெரியாது. அந்தப் பள்ளிக்கூடத்திலையும் ஆரும் இருப்பினம். போய்ச் சொல்லு."

அண்ணா இப்போதும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறார். இரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். கலியாணம் நடக்கவில்லை. சேரின் கதை வந்தால், "பாவம், அவனும் என்ன செய்யிறது" என்று இன்றும் அவருக்காகத்தான் கதைப்பார். எனக்கு அந்த மனம் வாய்க்கவில்லை. நான் இப்போது ஆசிரியை. சுகாதாரம் படிப்பிக்கிறேன். இனப்பெருக்க அத்தியாயத்தை ஒரு பக்கமும் விடாமல் படிப்பிக்கிறேன். வெளியிலிருந்து யாரையும் என் வகுப்புக்குக் கூப்பிடுவதில்லை.

அண்ணா சொன்னதற்காக அன்று நல்லூர்க் கூட்டத்துக்கு நான் போனேன். மண்டபம் நிறையப் பிள்ளைகள். மைக்கைப் பிடித்து, எச்.ஐ.வியோடு வாழும் ஒரு சகோதரர் இன்று எங்களோடு கதைக்க வந்திருக்கிறார் என்று சொன்னேன். என் குரல் நடுங்கவே இல்லை. அவர் என்னைப் பார்க்காமல் கடைசி வரிசைக்குப் போனார். கை கொடுத்தார். குளிசையைக் காட்டினார். தட்டுக் கதையில் அழுதார். அன்று இன்னும் நன்றாகச் செய்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

முடிந்து வெளியே வந்து நின்றபோது ஒரு பிள்ளை என் பக்கத்தில் வந்தாள். பதின்மூன்று வயது இருக்கும். இரட்டைப் பின்னல். புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். மோட்டார் சைக்கிளடியில் எங்களுக்கு முதுகு காட்டி நின்ற அவரைக் கண்ணால் காட்டினாள்.

"அக்கா, உவர் சொல்லுறது மெய்யோ?"

"ஏன் பிள்ளை?"

"சும்மா." நிலத்தைப் பார்த்தாள். "அவர் சொல்ல, அவற்றை பொம்பிளை ஒண்டும் சொல்லேல்லைத்தானே? பேசேல்லைத்தானே?"

யாருக்காகக் கேட்கிறாய் என்று நான் கேட்டிருக்க வேண்டும். பக்கத்தில் இருத்தி, பெயர் கேட்டு, அவசரப்படாதே, முதலில் கிளினிக்கில் கதைப்போம் என்று சொல்லியிருக்க வேண்டும். இல்லை என்று சொன்னால் அண்ணா சொன்னது பிழையாகிவிடும் என்று பட்டது. ஓம் என்று சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத்தான் தெரியும்.

"ஓம், மெய்தான்" என்றேன்.

அவளின் முகம் அப்படியே தெளிந்தது. "அப்ப அப்பாவை இண்டைக்கே அம்மாவிட்டைச் சொல்லச் சொல்லுறன்" என்றாள். சொல்லிவிட்டு ஓடினாள். பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறிவிட்டாள்.

எனக்கு அப்போதுதான் கால் வந்தது. "பிள்ளை, நில்லும்!" என்று கத்திக்கொண்டு வீதியில் ஓடினேன். பஸ் புகையை விட்டுக்கொண்டு வளைவில் திரும்பியது. பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அவர் என்னை முந்தி வந்து, குறுக்கே நிறுத்தினார். அவள் சொன்னது அவருக்கும் கேட்டிருக்கிறது. முகம் வெளிறியிருந்தது.

"ஏறுங்கோ தங்கச்சி. அடுத்த தரிப்பிலை பிடிச்சுப்போடலாம். ஏறுங்கோ."

அவருக்குப் பின்னால் ஏறி இருப்பதா என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். நான் ஏறவில்லை.

அவர் இரண்டு மூன்று தரம் கெஞ்சினார். பிறகு தனியே போனார். அந்தப் பிள்ளையின் முகம் எனக்குத்தான் தெரியும். மண்டபத்தில் அவர் கை கொடுத்த நூறு பேரில் அவளும் ஒருத்தி, அவ்வளவுதான். வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

ஏறியிருந்தால் பிடித்திருப்போம்.